இட்லிப்பூவும் பதினோராயிரம் ரூபாய் டைல்ஸும்

ரொம்ப நாளாகவே மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்த விஷயம். போன வாரம் கொத்தனார் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனதிலிருந்து பொறுக்க முடியவில்லை, கொட்டிவிடுகிறேன். படிப்பது பி.காம்., எழுதப்போவது செடியைப் பற்றி. 'உனக்கெதுக்கு இந்த வேலை, அரியர் வைக்காம பாஸ் பண்ற வழியப் பாரு' என்று சொல்ல நினைப்பவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம். :-)

மதுரையில் எங்கள் வீட்டு வாசலுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில் ஒன்பதடி நீளம், ஆறடி அகலத்தில் ஒரு துண்டு மண் பாக்கி இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வீடு கட்டும்போதே சிமென்ட் ஆகிவிட்டது. தெற்குப் பார்த்த வாசல். காலை எட்டு மணிக்கு வந்து உட்காருகிற வெயில் சாயங்காலம் நாலு மணி வரை எழுந்து போகாது. அந்த மண்ணில் மூன்று இட்லிப்பூச் செடி வைத்தோம். ஒன்று காம்பவுண்ட் சுவரைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்க்கிறது. மற்ற இரண்டும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி நிற்கின்றன. மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்த அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். "இந்த மண்ணுல ஒண்ணும் வராதுத்தா. டைல்ஸப் போட்டு விட்டா வண்டியாவது நிக்கும்."

நிற்கப் போகிற வண்டி இன்னும் வாங்கப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

என் கட்சி என்னவென்றால், அந்தச் செடிகள் தோற்கவில்லை. நாம்தான் தோற்கடித்தோம். தோற்கடித்த ஆயுதத்தின் பெயர் சிமென்ட். இப்போது அதே சிமென்ட்டை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து 'இதுதான் தீர்வு' என்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டுமா? எங்கள் தெருவில் ஒரு நடை போய்ப் பாருங்கள். இருபது வீட்டில் பதினாறு வீட்டு வாசலில் ஒரு கைப்பிடி மண் கிடையாது. சுவர் முதல் சுவர் வரை டைல்ஸ். அதன் மேல் நாலு பிளாஸ்டிக் தொட்டி, தொட்டிக்குள் நாலு மஞ்சள் செடி. ஒரு வீட்டில் பச்சை பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறார்கள். அதற்குச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள் சாமி!

முதலில் இந்தச் செடிக்காக ஏன் இவ்வளவு வக்காலத்து என்று சொல்லிவிடுகிறேன். இட்லிப்பூ என்று நாங்கள் சொல்வது சில ஊரில் விருட்சி, மலையாளத்தில் தெச்சி, நர்சரிக்காரர்களுக்கு இக்சோரா. நம் பழைய ஆட்களுக்கு வெட்சி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் இதுவும் ஒன்று. ஆநிரை கவரப் போகிறவன் தலையில் சூடிக்கொண்டு போன பூ, அதனால்தான் அந்தத் திணைக்கே வெட்சித்திணை என்று பெயர். பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தபோது வெட்சி என்றால் ஏதோ மலை உச்சியில் பூக்கிற அபூர்வ வஸ்து என்று நினைத்திருந்தேன். வாசலில் நிற்கிற இட்லிப்பூதான் அது என்று தெரிந்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த ஊர். லின்னேயஸ் 1753-இல் வைத்த 'இக்சோரா' என்ற பெயர்கூட 'ஈஸ்வரா'வைப் போர்ச்சுகீசியர்கள் உச்சரித்த லட்சணத்திலிருந்து வந்ததுதான். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உபரித் தகவல்.

ஆக, ரெண்டாயிரம் வருஷமாக இந்த மண்ணில் இருக்கிற செடியைப் பார்த்து "இந்த மண்ணுல வராது" என்கிறோம். என்ன தைரியம்!

இன்னொரு காரணம் சொந்தக் காரணம். அப்பத்தா இருந்தவரை ஊர் வீட்டில் ஒரு பெரிய இட்லிப்பூப் புதர் இருந்தது. ஒரு பூவைப் பிடுங்கி, நடுவில் இருக்கும் மெல்லிய நாரை மெதுவாக இழுத்தால் அடியில் ஒரு சொட்டுத் தேன் வரும், நாக்கில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பூவின் காம்புக் குழலை அடுத்த பூவின் வாய்க்குள் சொருகிச் சொருகி ஊசி நூல் இல்லாமலே மாலை கட்டலாம். இதைச் செய்யாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. என் சித்தப்பா மகளுக்கு ஏழு வயசு. அவளிடம் இதைச் சொன்னேன். "அக்கா, பூவுக்குள்ள தேன் இருக்குமா? பாட்டில்லதான இருக்கும்?" என்று கேட்டாள். அவள் வீட்டு வாசலும் டைல்ஸ்தான்.

சரி, குற்றப்பத்திரிகைக்கு வருகிறேன்.

எங்கள் சின்ன இடத்துக்குப் பெரிய இட்லிப்பூ சரிப்படாது. அது சும்மா விட்டால் ஆள் உயரத்துக்கு மேல் போகும், பக்கவாட்டிலும் பரவும். அதனால்தான் குள்ள ரகம் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். குள்ள ரகம் ரெண்டடி, மிஞ்சினால் மூன்றடியோடு நிற்கும். இலை சின்னது, நெருக்கமாக வளரும், கத்தரிக்கிற வேலை மிச்சம். ஊருக்கு வெளியே ஒரு நர்சரியில் மூன்று செடி, ஒன்று 120 ரூபாய். மூன்றும் முழங்கால் உயரம்கூட இல்லை, உச்சியெல்லாம் சிவப்புக் கொத்து. "மினி ஐட்டம், இதுக்கு மேல வளராது" என்றார் விற்றவர். ரெண்டாம் வருஷமே ஒன்று அஞ்சடி!

அப்போதுதான் தேடிப் படித்தேன். தொட்டியில் விற்கிற பூச்செடிகளைக் குட்டையாக வைத்திருக்கப் பேக்ளோபியூட்ரசால் மாதிரியான வளர்ச்சி அடக்கி மருந்துகள் இருக்கின்றன. மாமரத்தில் காய்ப்பைக் கூட்ட வேரில் ஊற்றுகிறார்களே, அதே மருந்து. செடி நீளமாக வளர ஜிப்பெரெலின் என்ற ஹார்மோன் வேண்டும், அதை உண்டாக்க விடாமல் இது தடுக்கிறது. கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கும், செடி கச்சிதமாக இருக்கும், பூவும் நிறைய வரும். மருந்தின் வேகம் குறைந்ததும் செடி தன் சுயரூபத்துக்குத் திரும்பிவிடும். நான் வாங்கியதற்கு மருந்து ஊற்றினார்களா, அல்லது வெறுமனே பெரிய ரகத்தின் சின்னக் கன்றைக் குள்ளம் என்று சொல்லிக் கொடுத்தார்களா, என்னால் நிரூபிக்க முடியாது. எல்லா நர்சரியும் அப்படி என்றும் சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்த முறை வாங்குகிறவர்கள் கன்றை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். "தாய்ச்செடி எங்கண்ணே இருக்கு? நிலத்துல நட்டு ரெண்டு மூணு வருஷம் ஆனதக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டினால் வாங்குங்கள். காட்டாவிட்டால், மினி என்பது அவர் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

(கம்பெனி பேலன்ஸ் ஷீட்டை வருஷக் கடைசியில் மட்டும் அழகுபடுத்திக் காட்டுவதை 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று எங்களுக்குப் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். உதாரணம் கேட்டால் இனி இதை எழுதலாம் என்றிருக்கிறேன்.)

வளர்ந்ததாவது உயிரோடு வளர்ந்தது. மஞ்சளாகிப் போன மற்ற ரெண்டின் கதைதான் நான் சொல்ல வந்தது.

இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும். அமில கார அளவு ஏழுக்குக் கீழே, ஆறை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருந்தால் அதற்குச் சந்தோஷம். அளவு ஏழைத் தாண்டினால், அதாவது மண் காரமானால், மண்ணில் இருக்கும் இரும்புச் சத்து கரையாமல் இறுகிக்கொள்ளும். இரும்பு இல்லாமல் இல்லை, மண்ணில் ஏராளமாக இருக்கும். செடியால் எடுக்க முடியாது, அவ்வளவுதான். எங்கள் பாஷையில் சொன்னால் சொத்து இருக்கிறது, லிக்விடிட்டி இல்லை. பேங்கில் பத்து லட்சம் இருந்து அக்கவுண்டை முடக்கிவிட்டால் டீ குடிக்கக்கூடக் காசு இருக்காதே, அந்த நிலைமை. அடையாளம் சுலபம். முதலில் புது இலைகள்தான் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக, கோடு போட்ட மாதிரி தெரியும். கீழே இருக்கும் பழைய இலைகள் மட்டும் மஞ்சளானால் அது வேறு வியாதி, வேறு கணக்கு.

எங்கள் மண் எப்படிக் காரமானது? வீடு கட்டும்போது மிச்சமான கலவை, பூச்சு உடைத்த கட்டி, செங்கல் துண்டு, பாதி இறுகிப்போன சிமென்ட் மூட்டை, எல்லாம் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? 'தோட்டம்' என்று பிளானில் பச்சைக் கலர் அடித்த இடத்துக்குத்தான் போகும். அதன் மேல் அரை அடி மண்ணைத் தூவிச் சமப்படுத்திவிட்டு "கார்டன் ரெடி சார்" என்பார்கள். அந்தக் கலவைக்குள் இருக்கும் சுண்ணாம்பு வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். போதாததற்குப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் கழுவி எங்கே ஊற்றினார் தெரியுமா? செடிக்கு. "தண்ணிய ஏன் வீணாக்கணும், செடிக்காவது போகட்டும்" என்ற நல்லெண்ணத்தில். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது எனக்கும் தெரியாது, ஆகவே இந்தக் கேஸில் நானும் ஒரு குற்றவாளி.

அடுத்து தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் துணி துவைத்தால் நுரை வராது. ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, பக்கெட்டின் உள்பக்கம் சுரண்டினால் மாவு மாதிரி வருகிறதே, அதே உப்பைத்தான் தினம் ஒரு குடம் செடிக்கும் ஊற்றினோம். அதைவிடக் கொடுமை, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர். தண்ணீர் சிக்கனம் என்று சொல்லி அதைச் செடிக்குத் திருப்பி விடுகிற வீடுகள் எத்தனை! நமக்கு ஆகாது என்று மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து நிற்கிறது. அதைக் கழிவறைக்கு விடலாம், தரை துடைக்கலாம். இட்லிப்பூவுக்கு விடாதீர்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து விடுங்கள், அது கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணீர். மழைத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம், இயல்பிலேயே லேசான புளிப்பு.

இனி யூட்யூப் மருத்துவர்கள். செடி மஞ்சளானதும் அம்மா போனைத் திறந்தார்கள். "முட்டை ஓட்டைப் பொடி செய்து போடுங்கள், பத்தே நாளில் பூத்துக் குலுங்கும்!" போட்டார்கள். இன்னொருவர் "அடுப்புச் சாம்பல்" என்றார். ஊர் வீட்டிலிருந்து ஒரு பை சாம்பல் வந்தது. மூன்றாமவர் "துருப்பிடித்த ஆணியைப் புதையுங்கள், இரும்புச்சத்து ஏறும்" என்றார். புதைத்தோம். முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல் எதுவோ அதுவேதான். சாம்பலும் காரம். ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகமாகிப் படுத்திருக்கும் செடிக்கு மேலும் சுண்ணாம்பு! சர்க்கரை வியாதிக்காரருக்கு ஜாங்கிரி ஊட்டின மாதிரி. ஆணி பாவம், அது ஒரு கெடுதலும் செய்யாது. நல்லதும் செய்யாது. மண்ணில் இருக்கும் இரும்பையே எடுக்க முடியாத செடி ஆணியைக் கடித்தா தின்னும்? தக்காளிக்கோ ரோஜாவுக்கோ யாரோ சொன்னதை எல்லாச் செடிக்கும் சொல்கிறவர்களுக்கு லட்சக்கணக்கில் பார்வையாளர்கள். என்ன சொல்ல... அவ்வ்வ்வ்.

உண்மையில் வேலை செய்ததைச் சொல்கிறேன். அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையில் அம்மாவின் காலத்திலிருந்து விற்கிற பச்சை உப்பு, வேதியியலில் ஃபெரஸ் சல்ஃபேட். உரக்கடையிலும் கிடைக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அஞ்சு கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, வெயில் தாழ்ந்ததும் புது இலைகள் நனையத் தெளிக்க வேண்டும். இலை வழியாகப் போவதால் மண்ணின் காரம் குறுக்கே நிற்காது. ரெண்டு வாரம் இடைவெளி விட்டு மூன்று முறை தெளித்தேன், ஒரு செடியில் புதிதாக வந்த இலைகள் பச்சையாக வந்தன. (சுவரில் படாமல் தெளியுங்கள். துருக்கறை போகாது. அந்தக் கறைக்காக நான் வாங்கிய திட்டு தனிக் கட்டுரைக்குத் தேறும்.) மண்ணிலேயே ஊற்ற வேண்டுமென்றால் உரக்கடையில் இரும்புச் சீலேட் கேட்கும்போது ஈ.டி.டி.எச்.ஏ. வகையாகக் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிற ஈ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் சீக்கிரமே இரும்பைக் கைவிட்டுவிடும்.

ஆனால் இதெல்லாம் முதலுதவிதான். செடி இருக்கும் இடத்தை மாற்றாமல் மருந்து தெளித்துக்கொண்டே இருப்பது வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு அசலைத் தொடாமல் இருப்பது மாதிரி. அசல் என்பது அடியில் கிடக்கும் சிமென்ட் கட்டி. அதைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும். ஒன்றரை அடி ஆழத்துக்கு இடிபாட்டை அள்ளி வெளியே போட்டுவிட்டு, செம்மண், நன்றாக மக்கின மாட்டுச்சாணம், இலைமக்கு கலந்து நிரப்ப வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு கைப்பிடி மண்ணில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. எங்கள் மண் சோடா மாதிரி பொங்கியது. துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. சுவரை ஒட்டி நடக்கூடாது, ரெண்டடியாவது தள்ளி நட வேண்டும், பூச்சிலிருந்து வழிகிற சுண்ணாம்பு வேருக்கு வராமல். ஒன்றரை அடிக்கு ஒன்று என்றால் எங்கள் ஒன்பதடிக்கு அஞ்சு குள்ளச் செடி தாராளம். வெயில் பற்றிக் கவலையே இல்லை. நாளுக்கு அஞ்சாறு மணி நேர வெயில் இருந்தால்தான் இது ஒழுங்காகப் பூக்கும், எங்கள் வாசலில் அது கொட்டிக் கிடக்கிறது. அடியில் சருகு பரப்பிவிட்டால் மண் சூடு ஏறாது. தினம் மேலாகத் தெளிப்பதைவிட மூன்று நாளுக்கு ஒரு முறை ஆழமாக விடுவது நல்லது, சித்திரை வைகாசியில் மட்டும் இன்னும் கொஞ்சம் அடிக்கடி.

கத்தரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பூக்கொத்து கிளையின் நுனியில்தான் வரும். பெட்டி மாதிரி சதுரமாகத் தெரிய வேண்டும் என்று மாதாமாதம் உச்சியை வெட்டினால், வரப்போகிற பூவை வரிசையாக வெட்டிக் குப்பையில் போடுகிறோம் என்று அர்த்தம். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் வாடின கொத்தை மட்டும் கிள்ளிவிட்டால் போதும். செடியைச் செங்கல் வடிவத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செங்கலையே அடுக்கிக்கொள்ளலாமே.

இப்போது எதிர்த்தரப்பு வாதங்கள். அம்மா சொல்வது: மண் இருந்தால் கூட்ட முடியவில்லை, கோலம் போட இடமில்லை. கோலத்துக்கு வாசற்படிக்கு முன்னால் ஏற்கெனவே நாலுக்கு நாலு சிமென்ட் தளம் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. மார்கழியில் அந்த இடம் பத்தவில்லை என்றால் தெருவே இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா சொல்வது: "செடி வச்சா பூச்சி பட்டை வரும்மா." வரட்டுமே மாமா, வண்ணத்துப்பூச்சியும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. இட்லிப்பூவின் குழல் நீளம், வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழலுக்கும் தேன்சிட்டின் அலகுக்கும் அளவெடுத்துச் செய்த மாதிரி. பாம்பு பயம் நியாயமானதுதான், அதற்காக அடிக்கிளைகளை அரையடிக்கு எடுத்துவிட்டுத் தரை தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். அஞ்சடி புதரில் அதைச் செய்வதைவிட ரெண்டடிக் குள்ளனில் செய்வது சுலபம்.

"அவ்வளவு ஆசைன்னா தொட்டியில வச்சுக்கத்தா" என்பது அப்பா சொல்லும் சமரசத் திட்டம். டைல்ஸ் மேல், தெற்கு வெயிலில், கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி! வேர் வெந்துவிடும். கீழே டைல்ஸ் சூடு, பக்கத்தில் சுவர்ச் சூடு, மேலே மதுரை வெயில். தொட்டி மண்ணில் நாம் விடுகிற போர் தண்ணீரின் உப்பு இறங்கிப் போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே வரும். நிலத்தில் இருந்தால் ஒரு ஐப்பசி மழை அதைக் கழுவி இறக்கிவிடும். தொட்டியில் வளர்க்கவே முடியாது என்று சொல்லவில்லை, மாடி வீட்டுக்காரர்கள் மண் தொட்டியில் நல்ல மண் போட்டு வளர்க்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அவர்களுக்கு நிலமில்லை. நமக்கு இருக்கிறது. இருக்கிற நிலத்தை மூடிவிட்டுத் தொட்டி வாங்குவதற்கு என்ன பெயர் வைப்பது?

கடைசியில் என் துறைக்கு வருகிறேன், கணக்கு. கொத்தனார் சொன்னது டைல்ஸ், சிமென்ட், மணல், கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். நான் சொல்வது செம்மண், எரு, அஞ்சு செடி, இடிபாட்டை அள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி, எல்லாம் சேர்த்து 2,500-க்குள். தோண்டுகிற கூலி என்னுடையது, இலவசம். அப்பாவின் பதில்: "மூணு வருஷமா செலவழிச்சு என்ன கண்டோம்?" அது சங்க் காஸ்ட் அப்பா! செலவழித்தது செலவழித்ததுதான், அடுத்த முடிவுக்கு அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ரெண்டாம் வருஷப் பாடம். இன்னொன்றும் சொன்னேன். கணக்கியலில் கட்டடத்துக்கும் மெஷினுக்கும் நாற்காலிக்கும் வருஷா வருஷம் தேய்மானம் போடுவோம், நிலத்துக்கு மட்டும் போடுவதில்லை. டைல்ஸ் முதல் நாளிலிருந்தே தேயும். அதன் அடியில் கிடக்கும் மண்தான் தேயாத சொத்து. தேயாததை மூடிவிட்டுத் தேய்கிறதை மேலே ஒட்டுவதற்கு 11,000 ரூபாயா? அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காலேஜுக்கு ஃபீஸ் கட்டுனது தப்பாப் போச்சு" என்றார்.

மழைக் கணக்கும் இருக்கிறது. ஒன்பதுக்கு ஆறு என்பது ஐம்பத்து நாலு சதுர அடி, ஏறத்தாழ அஞ்சு சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் 50 லிட்டர் விழுகிறது. மண்ணாக இருந்தால் பெரும்பகுதி உள்ளே இறங்கும். டைல்ஸாக இருந்தால் மொத்தமும் கேட்டுக்கு வெளியே தெருவுக்கு ஓடும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அதற்கு ஒரு பைப் இருக்கிறது, அது எங்கே போய் முடிகிறது என்று கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதையும் 2019 கோடையில் அதே சென்னை குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியதையும் எல்லாரும் டிவியில் பார்த்தோம். அதற்கெல்லாம் பெரிய பெரிய காரணங்கள் உண்டு, என் வாசலில் டைல்ஸ் போடாவிட்டால் வெள்ளம் நின்றுவிடும் என்று உளற மாட்டேன். ஆனால் எங்கள் போர் முந்நூறடியில் திணறிக்கொண்டிருக்கும்போது, கைக்கு வந்த 50 லிட்டரைத் தெருவுக்குத் தள்ளிவிட ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பேன்.

ஆநிரை கவர வருகிறவன் வெட்சி சூடுவான், மீட்கப் போகிறவன் கரந்தை சூடுவான் என்று படித்திருக்கிறோம். எங்கள் வீட்டில் கவர வருகிறவர் கையில் டேப் இருக்கிறது. மீட்கப் போகிறவளுக்குச் சூடிக்கொள்ள இந்த மஞ்சள் செடியில் ஒரே ஒரு கொத்துதான் தேறும், அதுவும் போன வாரம் அன்னபேதி தயவில் வந்தது.

நேற்று ராத்திரி நிலவரம்: அப்பா முடிவை மாற்றவில்லை, ஆனால் அட்வான்ஸும் கொடுக்கவில்லை. கொத்தனார் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமாவிடம் கடப்பாரை வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன் (எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை). ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு காதுகுத்துக்குத் திருமங்கலம் போகிறார், திரும்ப சாயங்காலம் ஆகும். செம்மண் வண்டி காலை ஏழு மணிக்கு வருகிறது.